சைன் 30 அரை என்றால், எதில் அரை?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் முக்கோணவியல் பற்றி வந்ததைப் படித்தேன். ஒரு செங்கோண முக்கோணம், அதன் கீழே 'சோ-கா-டோவா' என்ற மந்திரம் (சைன் என்றால் எதிர்ப்பக்கம்/கர்ணம், காஸ் என்றால் அடுத்துள்ள பக்கம்/கர்ணம், டேன் என்றால் எதிர்ப்பக்கம்/அடுத்துள்ள பக்கம் என்பதன் சுருக்கம்; கர்ணம் என்பது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்), அதற்கும் கீழே 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கான அட்டவணை, அதை நினைவில் வைக்க ஒரு வர்க்கமூலத் தந்திரம். கடைசியில், 'இவ்வளவு தெரிந்தால் போதும், முழு மதிப்பெண் நிச்சயம்' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். போதாது.

நான் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சாய்கூரை, படிக்கட்டு, சாய்தளம் என்று பணிக்காலம் முழுக்கச் செங்கோண முக்கோணங்களோடுதான் குடித்தனம். இப்போது சாயங்காலம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு மாணவி வந்தாள். அட்டவணை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, சந்தேகமாக ஒன்று கேட்டாள்: "சைன் 30 அரைன்னா, எதுல அரை சார்? அரை சென்டிமீட்டரா?"

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள். உங்கள் பக்கம் முழுக்கத் தேடினாலும் இதற்குப் பதில் இல்லை.

பதில் ஒரு வெள்ளைத் தாளில் கிடைக்கும். பாகைமானியை வைத்து 40 பாகைக் கோணம் ஒன்று வரையச் சொன்னேன். அட்டவணையில் இல்லாத கோணம் என்பதால்தான் 40. மனப்பாடம் குறுக்கே வராது. கோணத்தின் முனையிலிருந்து கீழ்க்கோட்டில் 5 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக்கோடு. 10 செ.மீ.யில் இன்னொன்று, 12 செ.மீ.யில் மற்றொன்று. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று செங்கோண முக்கோணங்கள் வந்துவிட்டன. அப்புறம் ஸ்கேலை வைத்து அளந்தாள். சின்னதில் எதிர்ப்பக்கம் 42 மி.மீ., கர்ணம் 65. நடுவில் உள்ளதில் 84, 131. பெரியதில் 101, 157. ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தாள், அதுதான் சைன் 40. 0.646, 0.641, 0.643.

முக்கோணம் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிட்டது. விடையோ 0.64-ஐ விட்டு நகரவில்லை. மூன்றாம் இலக்கத்தில் தெரியும் ஆட்டம் பென்சில் கோட்டின் தடிமனால் வருவது. கால்குலேட்டர் 0.6428 என்கிறது, பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வந்தது பெரிய விஷயம்தான்.

ஏன் நகரவில்லை? மூன்று முக்கோணத்திலும் ஒரு கோணம் 40, ஒரு கோணம் 90. அப்படியானால் மிச்சக் கோணம் 50-ஐத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. கோணங்கள் ஒன்றானால் அவை வடிவொத்த முக்கோணங்கள். ஒரு பக்கம் எத்தனை மடங்கு வளர்கிறதோ மற்ற இரண்டும் அத்தனை மடங்கு வளரும். ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது அந்த மடங்கு அடிபட்டுப் போகிறது, கூடவே சென்டிமீட்டரும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுகிற எண்ணுக்கும் முக்கோணத்தின் அளவுக்கும் இனி சம்பந்தமே கிடையாது. அது கோணத்தின் சொத்து. சைன் 30 அரை என்றால், 30 பாகைக்கு எதிரே உள்ள பக்கம் கர்ணத்தில் சரிபாதி. கர்ணம் விரல் நீளம் இருந்தாலும் சரி, கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் சரி.

வடிவொத்த முக்கோணங்களை மாணவர்கள் வேறொரு பாடத்தில் படிக்கிறார்கள். அதற்குப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டு, முக்கோணவியலுக்கு வரும்போது இது ஏதோ புது தேசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் இந்த ஒரு படத்துக்கு உங்கள் பக்கத்தில் நாலு அங்குலம் ஒதுக்கியிருக்கலாம்.

'எதில் அரை' என்ற கேள்வியை அசட்டுக் கேள்வி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பழங்காலத்தில் கேட்டிருந்தால் அதற்கு நேரடியான பதில் இருந்தது. கி.பி. 499 அளவில் ஆரியபட்டர் கொடுத்த அட்டவணையில் சைன் என்பது விகிதம் அல்ல, ஒரு நீளம். ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் சுற்றளவை 21,600 கலைகளாகப் பிரித்தார்கள். 360 பாகை, பாகைக்கு 60 கலை. அப்படிப் பார்த்தால் அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 3,438 கலை. நாண் என்பது வட்டத்தின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு. அந்த வட்டத்தில் 30 பாகைக்குரிய அரை நாணின் நீளம் 1,719 கலை. 3,438-இல் சரிபாதி! அவருக்கு முன்னால் கிரேக்க வானியலாளர் தாலமி 60 அலகு ஆரத்துக்கு நாண்களின் அட்டவணை போட்டிருந்தார். அதுவும் நீளம்தான். செங்கோண முக்கோணத்தின் பக்கங்களை வைத்தே இவற்றை வரையறுக்கும் வழி 1551-இல் ஐரோப்பியக் கணித அறிஞர் ரெட்டிகஸ் வெளியிட்ட அட்டவணையில்தான் வருகிறது. பெரிய பெரிய ஆட்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல் நீளமாகவே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை, ஒரு மாணவி ஒரே பாடவேளையில் விகிதமாகப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எதிர்பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஆரியபட்டரின் அட்டவணையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்று என்று 24 படிகள். அவர் நேரடியாகக் கொடுத்தது அந்த 24 மதிப்புகளை அல்ல. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசங்களை. 225, 224, 222, 219 என்று தொடங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் 37, 22, 7 என்று முடிகிறது. முதல் எட்டைக் கூட்டிப் பாருங்கள், 30 பாகைக்கான 1,719 வந்துவிடும். 24-ஐயும் கூட்டினால் 3,438.

இந்தத் தேய்மானம்தான் பிள்ளைகள் தடுமாறும் அடுத்த இடம். சைன் 30 அரை, ஆகவே சைன் 60 ஒன்று என்று சொல்லாத மாணவர் குறைவு. கோணம் இரண்டு மடங்கானால் சைனும் இரண்டு மடங்காகும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. அட்டவணையில் √3/2 என்று இருப்பதை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, ஒரு கணக்கின் நடுவில் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஒரு 10 செ.மீ. குச்சியை மேஜையில் ஒரு முனை பதித்துத் தூக்கிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். 10 பாகையில் மேல்முனையின் உயரம் 1.74 செ.மீ. 20-இல் 3.42. 30-இல் 5. 60-இல் 8.66. 80-இல் 9.85. நிமிர்ந்து நிற்கும்போது 10. முதல் பத்து பாகை தூக்கியதில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஏறியது. கடைசிப் பத்து பாகையில் ஒன்றரை மில்லிமீட்டர். படுத்திருக்கும் குச்சியைத் தூக்கும்போது அசைவு முழுக்க மேல்நோக்கிப் போகிறது, நிமிரும் நேரத்தில் அது பக்கவாட்டில் போய்விடுகிறது. குச்சியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் சைன் 60 ஒன்று என்று அப்புறம் எழுதுவதில்லை.

உங்கள் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கோணம் வலதுபக்கம் கீழே, தீட்டா என்று குறித்த கோணம் இடதுபக்கம் கீழே. எல்லாப் புத்தகத்திலும் இதே படம்தான். விளைவு, 'கீழே இருப்பது அடுத்துள்ள பக்கம், நிமிர்ந்து இருப்பது எதிர்ப்பக்கம்' என்று மனதில் பதிந்துபோகிறது. தாளைக் கொஞ்சம் திருப்பி, கர்ணம் கீழே வரும்படி வைத்துக் கொடுத்தால் முழிக்கிறார்கள். எதிர், அடுத்து என்பதெல்லாம் எந்தக் கோணத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 3, 4, 5 முக்கோணத்தில் ஒரு குறுங்கோணத்துக்கு 3 எதிர்ப்பக்கம். இன்னொரு குறுங்கோணத்துக்கு அதே 3 அடுத்துள்ள பக்கம். அதனால்தான் ஒன்றின் சைனும் மற்றதன் காஸும் ஒரே 3/5. இதைப் பார்த்துவிட்டால் சைன் 40-உம் காஸ் 50-உம் சமம் என்பதற்குத் தனியாக ஒரு சூத்திரம் வேண்டாம். மாறாத ஒன்று கர்ணம் மட்டுமே. அது செங்கோணத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்.

சரி, அட்டவணைக்கு வருவோம். டேன் 90-க்கு நேரே முடிவிலிக் குறியைப் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அங்கே 'வரையறுக்கப்படவில்லை' என்றுதான் இருக்க வேண்டும். டேன் என்பது எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுப்பது. 90 பாகையில் அடுத்துள்ள பக்கம் பூச்சியமாகிறது. பூச்சியத்தால் வகுக்க முடியாது. 90-ஐ நெருங்கும்போது மதிப்பு கட்டுக்கடங்காமல் வளர்வது உண்மை. டேன் 89 ஏறக்குறைய 57.3, டேன் 89.9 ஏறக்குறைய 573. ஆனால் வளர்ந்துகொண்டே போவது வேறு, ஒரு மதிப்பாகப் போய் நிற்பது வேறு. பரீட்சையில் முடிவிலி என்று எழுதி மதிப்பெண் போனால், உங்கள் பத்திரிகையைத்தான் காட்டுவார்கள். உண்மையில் செங்கோண முக்கோணத்தில் 0 பாகையும் கிடையாது, இன்னொரு 90 பாகையும் கிடையாது. முக்கோணம் தட்டையாகிவிடும். அந்த இரண்டு நெடுவரிசைகளும் வட்டத்தை வைத்துப் பேசும்போதுதான் முழுப் பொருள் பெறும் என்று ஒரு வரி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வர்க்கமூலத் தந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. பூச்சியத்திலிருந்து நாலு வரை எழுதி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் வகுத்தால் சைன் வரிசை வருகிறது. வரட்டும். ஆனால் அது ஏன் 30, 45, 60 மட்டும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டு படம் போட்டால் அதுவும் தெரிந்துவிடும். பக்கம் 2 அலகு உள்ள சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து நேர்பாதியாக வெட்டுங்கள். கர்ணம் 2, அடி 1, உயரம் பிதாகரஸ் தேற்றப்படி √3. மேலே இருந்த 60 பாகை இரண்டாகப் பிளந்து 30 ஆகிவிட்டது. சைன் 30-க்கு அரையும், சைன் 60-க்கு √3/2-உம் அங்கேயே இருக்கின்றன. பக்கம் 1 உள்ள சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டுங்கள். மூலைவிட்டம் √2, கோணம் 45. சைனும் காஸும் 1/√2, டேன் 1. 30, 45, 60-க்கான மதிப்புகள் எல்லாம் இந்த இரண்டு வெட்டில் அடக்கம். பரீட்சைக் கூடத்தில் மறந்துபோனாலும் ஓரத்தில் வரைந்து எடுத்துக்கொள்ளலாம். மந்திரம் மறந்தால் என்ன செய்வது?

இப்போது என் தொழில் பக்கம். மனப்பாடம் மட்டும் உள்ளவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பதை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். 30 பாகைச் சாய்கூரை. சுவரிலிருந்து முகடு வரை கிடைத்தூரம் 4 மீட்டர். சாய்வுச் சட்டத்தின் நீளம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பயிற்சியாளர் 4-ஐக் காஸ் 30-ஆல் பெருக்கி 3.46 மீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தார். காஸ் வேண்டும் என்பது சரி. அடுத்துள்ள பக்கமும் கர்ணமும் என்பதும் சரி. ஆனால் சட்டம் இங்கே கர்ணம். 4 மீட்டர் தூரத்தைச் சாய்வாகக் கடக்கும் சட்டம் 4 மீட்டரை விடக் குட்டையாக இருக்க வழியே இல்லை. 4-ஐ 0.866-ஆல் வகுக்க வேண்டும், 4.62 மீட்டர். கால்குலேட்டரில் ஒரே ஒரு பொத்தான் வித்தியாசம். விடையைப் பார்த்தவுடன் 'இது எப்படி?' என்று உறுத்த வேண்டும். கர்ணம்தான் எப்போதும் நீளமானது என்பது மனதில் படமாக இருந்தால் உறுத்தும், இல்லாவிட்டால் மரம் வெட்டிய பிறகுதான் தெரியும். சைனும் காஸும் 1-ஐத் தாண்டாது என்பதும் இதே சங்கதியின் இன்னொரு முகம்தான். சின்னதைப் பெரியதால் வகுத்தால் 1-க்குள்தானே வரும்!

கால்குலேட்டர் என்றதும் இன்னொன்று. சைன் 30 அடித்தால் சிலருக்கு −0.988 வரும். கருவி பாகையில் இல்லை, ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது. சிலருக்கு 0.454 வரும், அது கிரேடியன் முறை, அதில் செங்கோணத்துக்கு 100 பிரிவு. முக்கோணத்தின் பக்கத்துக்கு எதிர்மறை விடை வருவதைக்கூடக் கவனிக்காமல் அப்படியே பிரதி எடுத்து எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எந்தக் கணக்கு தொடங்கும் முன்னும் சைன் 30 அடித்து 0.5 வருகிறதா என்று பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் அட்டவணைக்கு இப்படியும் ஒரு பயன்.

சாலையில் '10 சதவீதச் சரிவு' என்று எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அது டேன்தான், வேறொன்றும் இல்லை: 100 மீட்டர் கிடையாகப் போனால் 10 மீட்டர் ஏற்றம் அல்லது இறக்கம். கோணம் 5.7 பாகை. 100 சதவீதச் சரிவு எவ்வளவு பாகை என்று கேட்டால் பெரியவர்களே 90 என்கிறார்கள், சுவர் மாதிரி நிற்கும் சாலையைக் கற்பனை செய்துகொண்டு. 45 பாகைதான். ஏணிக்கு, 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு அடித்தூரம் என்று ஒரு பாதுகாப்பு விதி உண்டு. டேன் 4, அதாவது சுமார் 76 பாகை. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் 12-க்கு 1 என்ற விகிதம் பல நாடுகளில் வழக்கம், 60 செ.மீ. ஏற 7.2 மீட்டர் தூரம் வேண்டும், கோணம் ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவு. வேலை செய்கிறவர்கள் யாரும் ஏணியடியில் பாகைமானி வைத்துப் பார்ப்பதில்லை, விகிதத்தை அளந்துகொள்கிறார்கள். கோணத்தை விகிதமாகவே பேசும் இந்தப் பழக்கம் பாடத்திலும் வந்தால், டேன் என்றதும் பிள்ளைகள் மிரள மாட்டார்கள்.

அடுத்த வாரம் 'உயரங்களும் தூரங்களும்' வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். எழுதுகிறவரிடம் இரண்டு சங்கதிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, பார்ப்பவரின் கண் உயரம். 20 மீட்டர் தள்ளி நின்று மர உச்சியை 35 பாகை ஏற்றக்கோணத்தில் பார்க்கிறோம் என்றால், 20-ஐ டேன் 35-ஆல் பெருக்கி வரும் 14 மீட்டர் தரையிலிருந்து வரும் உயரம் அல்ல, கண் மட்டத்திலிருந்து வரும் உயரம். கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் மரம் பதினைந்தரை. பாடப் படங்களில் பாதிக்கு மேல் மனிதர்கள் கண்ணைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். இரண்டாவது, எங்கே நின்று பார்ப்பது. மரத்தடிக்குப் பக்கத்தில் போய் நின்றால், கோணத்தில் ஒரு பாகை தவறினாலே உயரம் பெரிதாகத் தவறும். அதே உயரத்துக்கு 5 மீட்டரில் நின்று 70 பாகைக்குப் பதில் 71 என்று படித்துவிட்டால் விடை கிட்டத்தட்ட 80 செ.மீ. எகிறும்; 20 மீட்டரில் அதே தவறு 53 செ.மீ.தான். அதற்காக ரொம்பத் தள்ளிப் போனாலும் பிழை திரும்பவும் ஏறும். ஏற்றக்கோணம் 45 பாகை வரும் இடத்தில் நின்றால் பிழை மிகக் குறைவு. அங்கே டேன் 1 என்பதால் தூரம்தான் உயரம், கண் உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டால் போதும்.

டேன் 90-க்கான திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிட்டுவிடுங்கள். பழைய பக்கத்தை நோட்டில் ஒட்டி வைத்திருப்பவர்கள் அதையும் வெட்டி மேலே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்